ஏரியாவுக்கு மார்க் போடும் ஆப்: ₹499 கொடுத்து வாங்கிய திருச்சி ரிப்போர்ட்

ஐந்து நட்சத்திரத்துக்கு இரண்டரை. அந்த அரை எதற்கு என்று கேட்பவர்கள் மழை வரும் இடம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பின் பெயரைப் போடவில்லை. இதே வேலையைச் செய்கிற இன்னும் நாலைந்து இருக்கின்றன, எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகளாகத்தான் எனக்குப் படுகின்றன. வாடகை வீடு காட்டுவார்கள், கூடவே "இந்த ஏரியாவில் வாழ்க்கைத் தரம் எப்படி" என்று நூற்றுக்கு மார்க் போட்டு ஒரு பிடிஎஃப் தருவார்கள். மூன்று ஏரியாவுக்கு ₹499, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் ₹149. பணம் கட்டியதும் இரண்டே நிமிடத்தில் மெயிலில் வந்துவிட்டது, அந்த வேகத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் உறையூரில் வளர்ந்தவன். அப்புறம் பதினான்கு வருஷம் சென்னை. போன ஆவணியில் குடும்பத்தோடு திருச்சிக்கே திரும்ப வேண்டி வந்தது. சொந்த ஊரில் வீடு பார்க்க எதற்கு ஐந்நூறு ரூபாய் என்று அம்மா கேட்டார், நியாயமான கேள்விதான். ஆனால் எனக்குத் தெரிந்த திருச்சியில் வயலூர் ரோடு பக்கம் நிஜமாகவே வயல் இருந்தது. இப்போது பஞ்சப்பூரில் பஸ் நிலையம் வந்து, வெளியூர் பஸ்ஸெல்லாம் அங்கே போய்விட்டது. சின்ன வயதில் பார்த்ததை வைத்து மூன்று பேர் வாழ்க்கையை முடிவு பண்ணக் கூடாது என்று தோன்றியது. மனைவிக்கு மன்னார்புரம் பக்கம் ஆபீஸ், மகள் எட்டாம் வகுப்பு, அம்மாவுக்கு இரண்டு மூட்டும் வலி. என் கணக்கு வேண்டாம், எனக்கு லேப்டாப்பும் கரண்டும் இருந்தால் போதும். வாடகை பதினைந்தாயிரத்துக்குள்.

தில்லை நகர், ஸ்ரீரங்கம், கருமண்டபம் மூன்றுக்கும் ரிப்போர்ட் வாங்கினேன். ஆபீஸ் நண்பர் ஒருவர் பொன்மலைப்பட்டியில் நல்ல வீடு காலியாகிறது என்று சொன்னதால் பிறகு ₹149 கட்டி அதையும் சேர்த்தேன். தில்லை நகர் 86, ஸ்ரீரங்கம் 74, கருமண்டபம் 71, பொன்மலைப்பட்டி 58. பக்கத்துக்குப் பக்கம் பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டங்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதல் பக்கத்திலேயே "செயற்கை நுண்ணறிவு கொண்டு கணிக்கப்பட்டது" என்று போட்டிருந்தார்கள். உள்ளே ஐந்து தலைப்பு: மருத்துவம், பள்ளி, போக்குவரத்து, கடைகண்ணி, சுற்றுச்சூழல். தில்லை நகருக்கு வரிசையாக 96, 88, 84, 95, 67. மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அப்பா, இது சும்மா ஆவரேஜ்தானே?" என்றாள். கூட்டினேன். 430. ஐந்தால் வகுத்தால் 86. ஸ்ரீரங்கம் 70, 78, 72, 76, 74. கூட்டினால் 370, வகுத்தால் 74. கருமண்டபம் 68, 70, 82, 66, 69, அதுவும் அப்படியே 71-க்கு வந்து நின்றது. எட்டாம் வகுப்புக் கணக்குக்குத்தான் நுண்ணறிவு என்று பெயர்.

சராசரி போடுவதில் தப்பில்லை. ஆனால் ஐந்துக்கும் ஒரே எடை என்றால் மளிகைக் கடையும் ஆஸ்பத்திரியும் என் வீட்டில் சமம் என்று அவர்களே முடிவு பண்ணிவிட்டார்கள், அதை எந்த இடத்திலும் சொல்லவுமில்லை. என் மனைவியின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்: போக்குவரத்து இரண்டு பங்கு, பள்ளி ஒன்று, சுற்றுச்சூழல் ஒன்று, மற்ற இரண்டும் தேவையில்லை (கடை எங்கே இருந்தாலும் வண்டியில் போய் வாங்கிவிடுவாள்). கருமண்டபம் 75.75, ஸ்ரீரங்கம் 74. வரிசை மாறிவிட்டது. எண்கள் அவர்கள் கொடுத்தவைதான், எடை மட்டும் எங்கள் வீட்டு எடை. ஆப்பில் அந்த எடையை மாற்றிப் பார்க்க ஒரு வசதி வைத்திருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு நாலு நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

இந்த விஷயத்தில் மத்திய அரசின் பட்டியல் எவ்வளவோ மேல். எந்த ஊர் வாழ வசதி என்று வரிசைப்படுத்தும் ஈஸ் ஆஃப் லிவிங் இன்டெக்ஸ் என்று ஒன்று, 2020-க்கானதை 2021 மார்ச்சில் வெளியிட்டார்கள், 111 ஊர்கள். வாழ்க்கைத் தரத்துக்கு 35 சதவீதம், பொருளாதாரத்துக்கு 15, நீடித்து நிற்கும் தன்மைக்கு 20, மக்களிடமே கேட்ட கருத்துக்கு 30 என்று எடையை வெளிப்படையாகவே வைத்திருந்தார்கள். ஒத்துக்கொள்கிறோமோ இல்லையோ, சண்டை போடவாவது ஒரு கணக்கு கையில் இருக்கிறது. பத்து லட்சம் பேருக்குக் குறைவான ஊர்களில் சிம்லா முதலிடம், சேலம் ஐந்து, வேலூர் ஆறு, நம் திருச்சி பத்து. (சேலத்துக்கார நண்பன் ஒருவன் அதை இன்னும் சொல்லிக் காட்டுவான். அதற்கு முந்தைய 2018 பட்டியலில் திருச்சி 12, சென்னை 14 என்பதை நானும் சென்னை ஆபீசில் போதுமான அளவு சொல்லிக் காட்டியிருக்கிறேன்.) தூய்மைப் பட்டியலிலும் 2015-ல் இரண்டாவது, 2016-ல் மூன்றாவது, 2017-ல் ஆறாவது என்று ஊர் பெயர் வாங்கியிருக்கிறது.

ஆனால் அதெல்லாம் ஊருக்கு ஒரே மார்க். நான் குடியிருக்கப் போவது ஊரில் இல்லை, ஒரு தெருவில். அதனால்தான் ஏரியா வாரியாக மார்க் என்றதும் சபலப்பட்டேன்.

சரி, நேரில் பார்த்த கதைக்கு வருகிறேன்.

தில்லை நகரில் மருத்துவம் 96 என்பது உண்மைதான், குறுக்குத் தெருவுக்குக் குறுக்குத் தெரு கிளினிக்கும் ஸ்கேன் சென்டரும், பக்கத்திலேயே புத்தூரில் அரசு மருத்துவமனை. அதே காரணத்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே ஒரு பைக் நிறுத்த இடம் கிடையாது. டாக்டரைப் பார்க்க வந்தவர்களின் கார்கள் வீட்டு கேட்டை அடைத்துக்கொண்டு நின்றன. நாங்கள் பார்த்த வீட்டுக்காரர் தன் கேட்டில் "வண்டி நிறுத்தாதீர்கள்" என்று ஒரு போர்டு, அதற்குக் கீழே "தயவுசெய்து" என்று இன்னொரு போர்டு, அதற்கும் கீழே சிவப்பில் "காற்று பிடுங்கப்படும்" என்று மூன்றாவது போர்டு மாட்டியிருந்தார். மூன்றுக்கும் நடுவில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. வாடகை இருபத்துநாலாயிரம் சொன்னார். ரிப்போர்ட் முழுக்கத் தேடிப் பாருங்கள், வாடகை என்ற சொல்லே கிடையாது. வாழ்க்கைத் தரத்துக்கு மார்க் போடுகிறவன் அந்தத் தரத்துக்கு மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைச் சேர்க்கவில்லை என்றால், அது ஓட்டல் மெனுவில் விலைப் பட்டியலைக் கிழித்துவிட்டுக் கொடுப்பது மாதிரி. அதுவும் வீட்டு வாடகை ஆப்!

ஸ்ரீரங்கத்தில்தான் பெரிய கூத்து. அம்மாமண்டபம் பக்கம் ஒரு வீடு. கீழ்த்தளம், காற்றோட்டம், அம்மாவுக்குக் கோயில், காலையில் படித்துறை. அம்மா உள்ளே நுழைந்ததும் எந்தச் சுவரில் சாமிப் படம் மாட்டலாம் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். ரிப்போர்ட்டில் "3 கிலோமீட்டருக்குள்" என்று போட்ட ஆஸ்பத்திரிப் பட்டியலைப் பார்த்தால் பாதி தில்லை நகர் ஆஸ்பத்திரிகள்! கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் புரிந்தது, வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறார்கள். நடுவில் காவிரி ஓடுவது அவர்களுக்குத் தெரியாது. காக்கா பறந்து போகிற தூரம் அது. மனிதன் போக வேண்டும் என்றால் மாம்பழச் சாலைக்கு வந்து, பாலம் ஏறி, சிந்தாமணி அண்ணா சிலையில் இறங்கி, சத்திரம் பஸ் நிலைய நெரிசலைத் தாண்டித்தான் அந்தப் பக்கம்.

அதுவும் பாலம் நன்றாக இருக்கும் நாளில். 1976-ல் திறந்த பாலம், பழுதுபார்க்க என்று 2022 செப்டம்பரில் கார், பஸ்களுக்கு மூடி 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த ஆறு மாதமும் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பைபாஸ் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். என் சித்தி அங்கேதான் இருக்கிறார், "டவுனுக்குப் போறது மெட்ராஸ் போற மாதிரி ஆயிடுச்சுடா" என்று போனில் அழாத குறை. வீடு நகரவில்லை, ஆஸ்பத்திரி நகரவில்லை, ஆனால் அந்த ஆறு மாதம் மருத்துவத்துக்கு 70 போட முடியுமா? தீவில் இருக்கிற இடத்துக்கு நேர்கோட்டில் தூரம் அளக்கிற ஒரு மென்பொருளை, திருச்சியை ஒரு முறையாவது பார்த்த ஆள் யாரும் சரிபார்க்கவில்லை என்று அன்றைக்கே முடிவுக்கு வந்துவிட்டேன். மகள் பள்ளியும் மனைவி ஆபீசும் பாலத்துக்குத் தெற்கே என்பதால் ஸ்ரீரங்கத்தை விட்டோம். அம்மாவுக்கு இன்னும் வருத்தம்.

பொன்மலைப்பட்டிக்கு 58 எப்படி வந்தது என்று பார்த்தால் 55, 60, 62, 48, 65. கடைகண்ணி 48. ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தைக்குப் போனவர்கள் இந்த எண்ணைப் பார்த்தால் சிரிப்பார்கள். காய்கறி, கருவாடு, கத்தி சாணை பிடிக்கிறவர், பழைய இரும்பு, கோழிக்குஞ்சு என்று எல்லாம் விற்கும், ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் தரையில் விரித்து வைக்கிற கடைக்கு வரைபடத்தில் ஏது புள்ளி? புள்ளி இல்லையென்றால் கடை இல்லை. நேர்மாறாக மருத்துவத்தில் ரயில்வே ஆஸ்பத்திரியைச் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். அது ரயில்வேக்காரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் உள்ளது, எங்களுக்கு அங்கே சீட்டு கிடைக்காது. ஆக, அங்கே இருப்பதை எண்ணவில்லை, எங்களுக்கு இல்லாததை எண்ணிவிட்டார்கள்.

சுற்றுச்சூழலில் இன்னொரு வேடிக்கை. நாலு ஏரியாவுக்கும் காற்றின் தர எண் ஒன்றே, ஒரு புள்ளி கூட வித்தியாசமில்லை. எங்கேயோ ஒரு இடத்தில் அளந்ததை ஊர் முழுக்கப் பூசிவிட்டிருக்கிறார்கள். அரியமங்கலத்தில் சுமார் 47 ஏக்கர் குப்பைக் கிடங்கு இருக்கிறது. சில கோடைகளில் அது தீப்பிடித்துப் புகைந்ததை அந்தப் பக்கத்து ஜனங்கள் மறக்க மாட்டார்கள். இப்போது பயோமைனிங் முறையில் பழைய குப்பையைக் கிளறிப் பிரித்து எடுக்கும் வேலை நடக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு தெரு தள்ளினால் வாசம் மாறும். பொன்மலைப்பட்டிக்கு 65, தில்லை நகருக்கு 67 என்று போட்டவருக்கு மூக்கு என்று ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகம்.

அவர்கள் பக்கத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா என்று வார்டு வாரியாக எண்ணியது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில். அதற்குப் பிறகு அடுத்த கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப் போய்விட்டது. நடுவில் வார்டு எல்லைகளையும் மாற்றிவிட்டார்கள். 2011-ல் திருச்சியில் 8.47 லட்சம் பேர், வார்டு அறுபது சொச்சம், அப்படியென்றால் ஒரு வார்டுக்குச் சராசரி பதிமூவாயிரம், பதினாலாயிரம் பேர். இத்தனை பேருக்கு ஒரு எண் போட்டால் அதில் மாடி வீடும் இருக்கும், வாய்க்கால் கரைக் குடிசையும் இருக்கும். திருச்சியிலேயே கல்மந்தை என்று ஒரு குடிசைப் பகுதி. அங்குள்ள பெண்கள் சுயஉதவிக் குழுவாகச் சேர்ந்து, பொதுக் கழிப்பறையைத் தாங்களே பணம் வசூலித்து, தாங்களே சுத்தம் பண்ணிப் பராமரித்து, 2002-ல் திறந்தவெளியில் யாரும் மலம் கழிக்காத குடிசைப் பகுதி என்று பெயர் வாங்கினார்கள். நாட்டிலேயே முன்மாதிரியாக அதைச் சொன்னார்கள். அங்கே இருந்த ஒரு பெண்ணுக்கு விடியுமுன் இருட்டில் ஒதுங்கப் போவது நின்றதை விடப் பெரிய வாழ்க்கைத் தர உயர்வு என்ன வேண்டும்? அந்த வருஷ வார்டு சராசரியில் அது ஒரு புள்ளி கூட ஏற்றியிருக்காது.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகராட்சி 2001-லிருந்து வருஷா வருஷம் வீடுகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, தெருவில் குப்பை தொல்லையா, இருட்டிய பிறகு வெளியே போகப் பயமா, பூங்கா திருப்தியா என்று கேட்டு, பதிலை வார்டு வாரியாக எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. வரைபடத்தில் புள்ளி எண்ணுவதற்குப் பதில், குடியிருக்கிறவரிடம் கேட்கிறார்கள். இந்த ஆப்காரர்கள் அதில் பத்தில் ஒரு பங்கு செய்தாலும் போதும்.

ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். பார்த்த ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பக்கம். காலை ஆறு மணிக்கு ஒரு தரம், இரவு ஒன்பது மணிக்கு ஒரு தரம் போய் நின்றேன். குழாய்த் தண்ணீர் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், மோட்டார் போடாமல் சம்ப்புக்கு ஏறுமா. போர் தண்ணீர் உப்பா (வாயில் விட்டுப் பார்த்தேன், ஒரு வீட்டில் பக்கெட் விளிம்பில் படிந்திருந்த வெள்ளையைப் பார்த்ததும் கேட்கவே தேவைப்படவில்லை). ஒன்பது மணிக்கு மேல் பஸ் இருக்கிறதா, இல்லையென்றால் ஜங்ஷனிலிருந்து ஆட்டோ எவ்வளவு கேட்கிறான். தெரு விளக்கில் எத்தனை எரிகிறது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் மருந்துக் கடை வரை நடந்தோம், நடைபாதையை விட்டு எத்தனை தரம் ரோட்டில் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது என்று கோடு போட்டேன். தில்லை நகரில் பதினொன்று. கருமண்டபத்தில் நடைபாதையே இல்லை, அதனால் இறங்கி ஏறும் வேலையும் இல்லை. அதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று தெரியாமல் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன். அப்போதுதான் மார்க் போடுகிறவர்கள் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது.

கருமண்டபத்தில் ஒரு கீழ்த்தள வீடு, பதினாலாயிரம். மனைவி ஆபீஸ் பக்கம், மகள் பள்ளிக்கு ஒரே பஸ், பஞ்சப்பூரும் கிட்டே. (ரிப்போர்ட்டில் வெளியூர் பஸ்ஸுக்கு இன்னும் மத்தியப் பேருந்து நிலையம் என்றே இருந்தது. பஞ்சப்பூர் 2025 ஜூலையில் ஓட ஆரம்பித்தாயிற்று, நான் ரிப்போர்ட் வாங்கியது ஆகஸ்டில்.) தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரர் ஒருவர். ஏரியாவைப் பற்றித் தெரிய வேண்டும் என்றால் இஸ்திரி வண்டியில் கேளுங்கள், எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எத்தனை மாதத்தில் காலி பண்ணினார்கள், எல்லாம் அவரிடம் இருக்கும். கரியை ஊதிக்கொண்டே நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். தண்ணி நல்லா வரும், கொசு கொஞ்சம் உண்டு, ராத்திரி பயமில்லை. கடைசியில், நான் வண்டியைக் கிளப்பிய பிறகு, "கீழ வேணாம்ணே, மாடி கெடச்சாப் பாருங்க" என்றார். கொசுவுக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா மூட்டுக்கு மாடி ஆகாது, மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

அந்த வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மட்டும் புதுச் சுண்ணாம்பு. அதற்கு மேல் பழைய மஞ்சள். சுண்ணாம்பு தீர்ந்துபோய் பாதியில் விட்டுவிட்டார்கள் போல என்று அன்றைக்கு மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். வீட்டுக்காரரிடம் மழைத் தண்ணீர் பற்றிக் கேட்டதற்கு, "அதெல்லாம் அந்தக் காலம் சார், இப்ப வடிகால் எல்லாம் வந்தாச்சு" என்றார். அட்வான்ஸ் கொடுத்தேன்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி விடாமல் பெய்தது. விடிகாலை நாலரைக்கு எழுந்து கதவைத் திறந்தால் வாசலில் மூன்று படிகளில் இரண்டைக் காணோம். தெரு முழுக்கக் காப்பி நிறத்தில் தண்ணீர், அதில் என் செருப்பும் பக்கத்து வீட்டுக் கோலமாவு டப்பாவும் சேர்ந்து மெதுவாக மேற்கே போய்க்கொண்டிருந்தன. காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர் சரியாக அந்தச் சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. கோரையாறு பக்கத்து ஏரியா, 2021 மழையில் கருமண்டபத்தில் வெள்ளம் புகுந்தது செய்தியிலேயே வந்தது, அப்போது சென்னையில் உட்கார்ந்து "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த சேனலுக்குப் போனவன் நான். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, அது மட்டும் புண்ணியம். அம்மா இரண்டு நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. பைக் சைலன்சருக்குள் தண்ணீர் போய் மெக்கானிக் எண்ணூறு ரூபாய் வாங்கினார்.

மூன்றாம் நாள் அந்தப் பிடிஎஃப்பைத் தேடி எடுத்தேன். ஏழாம் பக்கம், அடியில், சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில்: "நீர் தேங்கும் வாய்ப்பு: மத்திமம் முதல் அதிகம்." மற்ற மூன்று ஏரியாவுக்கும் "குறைவு" என்று இருந்தது. தரை மட்டத்தையும் ஓடைகளையும் வைத்துக் கணித்திருப்பார்கள் போல, சரியாகச் சொல்லியிருக்கிறான்! நாற்பது பக்க நோட்டோடு விடிகாலையிலும் ராத்திரியிலும் தெருத் தெருவாக நின்ற நான் ஆவணி வெயிலில் போய் நின்றதால் எனக்கு அது தெரியவில்லை. அந்த அரை நட்சத்திரம் இந்த ஒரு வரிக்குத்தான்.

அரை மட்டும்தான், ஏனென்றால் அந்த வரி மார்க்கில் சேரவே இல்லை. சுற்றுச்சூழல் 69 என்பது மரம், பூங்கா, அந்த ஒரே காற்று எண், இவ்வளவுதான். தெரிந்த உண்மையை ஏழாம் பக்கத்தில் பொடி எழுத்தில் வைத்துவிட்டு, முதல் பக்கத்தில் 71 என்று பச்சை வட்டம் போடுவது, பத்திரத்தில் வில்லங்கத்தைக் கடைசியில் எழுதுவது மாதிரி.

வாங்கலாமா என்று கேட்டால்: வெளியூரிலிருந்து முதல் தரம் வருகிறவர், பத்து ஏரியாவை மூன்றாகக் குறைக்க வேண்டும் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தைப் பார்க்காதீர்கள். ஏழாம் பக்கத்திலிருந்து பின்பக்கமாகப் படியுங்கள். தூரம் போட்டிருந்தால் நடுவில் ஆறோ ரயில் பாதையோ இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், திருச்சியில் இரண்டும் தாராளமாக உண்டு. மூன்று ஏரியாவுக்கு மேல் ₹149 கட்டாதீர்கள், வீண். வாடிக்கையாளர் சேவைக்கு காவிரி விஷயத்தை விளக்கி இரண்டு மெயில் போட்டேன், "உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது" என்று இரண்டு தரமும் ஒரே பதில் வந்தது.

போன வாரம் அவர்களே ஒரு செய்தி அனுப்பினார்கள். நீங்கள் இப்போது குடியிருக்கும் ஏரியாவுக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு கொடுப்பீர்கள், ஒரே கேள்வி, பத்து வினாடி. பரவாயில்லையே, கடைசியில் ஆட்களிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டு, வீட்டில் எல்லோரிடமும் கேட்டேன். மனைவி எட்டு என்றாள். மகள் நெட்வொர்க் நன்றாக இருக்கிறது, ஒன்பது என்றாள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலேயே, "எந்த மாசத்துக்குக் கேக்குறாங்க?" என்றார்.

மாதம் போட இடமில்லை. ஏழு என்று போட்டு அனுப்பினேன்.